மெடிக்கலுக்கு முன்னால் இரண்டு மாத்திரை

பூந்தமல்லியிலிருந்து நான் கல்லூரிக்குப் போகும் காலைப் பேருந்தில், முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் அவருக்கு வேலை நிரந்தரமாவதற்கான மெடிக்கல் பரிசோதனை அன்றைக்குத்தான்.

“ஒண்ணுக்கு ரெண்டா போட்டுக்கினேன்மே. ரத்தத்துல சர்க்கரையே காட்டாது.”

“சர்க்கரை மாத்திரையவா? எதுனா சாப்புட்டியா?”

“வெறும் வயித்துலதான் வரச் சொன்னாங்க.”

மனைவி அவர் முதுகைத் தொட்டுப் பார்த்தார். சட்டை நனைந்திருந்தது. அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

“யோவ், அது இன்னா சர்க்கரையைத் துன்ற மாத்திரைன்னு நெனச்சியா? உடம்புல கீற இன்சுலினை வெளிய தள்ளி உடறதுதான் அதோட வேலை. டாக்டரு உன்னையும் வச்சிக்கினுதானே சொன்னாரு? சோறு உள்ள போவலன்னா, கீற சர்க்கரையையும் எறக்கி ஆளையே சாய்ச்சிரும்.”

பிள்ளைக்கு வாங்கிய ஆரஞ்சு மிட்டாய்ப் பொட்டலத்தைப் பையிலிருந்து எடுத்துப் பிரித்தார்.

“இத்தத் துன்னா காட்டிக் குடுத்துரும்மே. ஏழு வருசமா இந்த வேலைக்குக் காத்துகினு கீறேன்.”

“நானுந்தான் காத்துகினு கீறேன். வாயத் தொற.”

அவர் திறந்தார். கம்பெனி நிறுத்தம் வந்தபோது இருவரும் எழவில்லை. அதற்குள் நான்கைந்து மிட்டாய்கள் போயிருந்தன.

“இப்ப எப்படி கீது?”

“நடுக்கம் கொறஞ்சிருக்கு.”

“அடுத்த ஸ்டாப்புல எறங்கி மொதல்ல இட்லி துன்னு. அப்பறம் நானே வந்து கம்பெனி டாக்டராண்ட சொல்றேன், உனக்குச் சர்க்கரை கீதுன்னு.”

அடுத்த நிறுத்தம் வந்ததும் அவர் எழுந்து மனைவியின் பையை வாங்கிக்கொண்டார்.

“நீ சொல்ல வாணாம். நானே சொல்லிக்கிறேன்.”