தோய்க்காமல் வைத்திருந்த சோட்டி

பின்னேரம் நாலரை மணி.

சிரிக்காதீர்கள். பேய் வருகிற நேரமா அது என்று கேட்கப் போகிறீர்கள். டிசம்பர் மாதம்... லண்டனில் நாலரைக்கு என்ன வெளிச்சம் இருக்கிறது? ஜதுர்ஷிகா, போனை வை. மூன்றாம் சாமப் பூசைக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் கிடக்கிறது. சிவராத்திரிக்கு முழித்திருக்க என்று லூயிஷாம் வரை வந்துவிட்டு, கோயில் மண்டபத்தில் குறட்டை விட்டால் வந்த புண்ணியமும் போய்விடும். கிட்ட வாருங்கள். அந்தப் போர்வையை இந்தப் பக்கமும் கொஞ்சம் இழுத்து விடுங்கள்.

இது என்னோடு வேலை செய்கிற பிரசாந்தினியின் மாமாவுக்கு நடந்தது. அவளுடைய அம்மாவின் சொந்தத் தமையன். பொய் என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றும் குறையாது.

லண்டனில் ஃபாரஸ்ட் கேட் என்ற இடத்தில் பெரிய புல்வெளி ஒன்றின் ஓரமாக நீட்டு ரோட்டு ஒன்று போகிறது. ஒரு பக்கம் வீடுகள். மறுபக்கம் ஒன்றுமில்லை... வெறும் இருட்டு. அந்த இருட்டுப் பக்கத்தில் ஒரு பழைய வெள்ளை வான் நிற்கும். பாலேந்திரா மாமா வீடு வீடாகப் பார்சல் கொடுக்க ஓடிய வான். அப்போது அவர் வேலையை விட்டுவிட்டார். குடியிருப்பே அதற்குள்தான்.

அவருடைய மனைவி தவமலர் ஆவணியில் இறந்து போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. இரண்டு பேரும் இருந்த ஃபிளாட்டில் தனியாகப் படுக்க முடியாமல், மனுஷன் சாவியைக் கொடுத்துவிட்டு வானுக்குள் ஒரு மெத்தையைப் போட்டுக்கொண்டார். பிரசாந்தினியின் அம்மா துசியந்தி தன் வீட்டில் ஓர் அறையை ஒழித்து வைத்துக்கொண்டு கெஞ்சினார். "நான் நல்லாத்தான் இருக்கிறன்" என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. நல்லாத்தான் இருந்தாராம்!

வானில் வாழ்கிறவர்களுக்குச் சாப்பாடுகூடப் பெரிய பிரச்சினை இல்லை. உடுப்புத்தான் பிரச்சினை. தோய்க்கத் தண்ணீர் இல்லை, காயவிட இடம் இல்லை. ஈரத் துவாய் ஒன்றை உள்ளே கொழுவினால் போதும்... விடியும்போது கண்ணாடியெல்லாம் வேர்த்து, கூரையிலிருந்து முகத்தில் சொட்டும். மூன்றாம் நாள் தலையணையில் பூஞ்சணம். அதனால் புதன்கிழமைதோறும் ஊத்தை உடுப்பைக் கறுப்புக் குப்பைப் பையில் அடைத்து, காசு போட்டுத் தோய்க்கிற லோண்ட்ரிக்குக் கொண்டு போவார்.

இதில் ஒரு வேடிக்கை. தவமலர் இருந்தவரை அவரை மெஷினைத் தொட விட்டதே இல்லை. ஒருமுறை சிவப்புத் துவாயோடு வெள்ளைப் பெனியன்களைப் போட்டுவிட்டு, வருஷம் முழுக்க ரோசாப்பூ நிறத்தில் திரிந்தவர் அவர். தவமலருக்கு ஊத்தை என்றால் கண்ணில் காட்டக் கூடாது. விருந்துக்குப் போன வீட்டில்கூட மற்றவர்களின் சட்டைக் கொலரைப் பார்க்கிற ஆள்.

கறுப்புப் பை பின்னால் கிடக்கும். முன் சீட்டில் இன்னொரு பை இருக்கும். சின்னது. மூன்று முடிச்சு. அதற்குள் தவமலரின் நீலச் சோட்டி. வீட்டில் போடுகிற கவுண். அம்புலன்ஸ் வந்த அன்று போட்டிருந்தது... தோய்க்காதது. கழுத்தடியில் தலையிடிக்குப் பூசுகிற சித்தாலேப மணம். கையில் உள்ளிப்பூண்டு மணம். முதுகில் தலை எண்ணெய். இரவு படுக்கும்முன் முடிச்சுகளை அவிழ்த்து, முகத்தை உள்ளே விட்டு, ஒரே ஒரு மூச்சு. உடனே கட்டிவிடுவார். திறக்கத் திறக்க மணம் குறைகிறது என்று அவருக்குத் தெரியும். சிக்கனமாக வைத்திருந்தால் இன்னும் இரண்டு வருஷத்துக்காவது வரும் என்று நினைத்திருந்தார், பாவம்.

"அண்ணை, செத்த ஆளின்ர உடுப்பை உப்பிடி ஊத்தையா வச்சிருக்கக் கூடாது" என்று துசியந்தி சொல்லிப் பார்த்தார். "முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியோட குடுத்திருக்கோணும். மச்சாள் நிம்மதியாப் போக வேண்டாமே?"

"ஆர் இப்ப அவவைப் போகச் சொன்னது?" என்று கேட்டாராம்.

கிறிஸ்மஸுக்கு முந்திய புதன்கிழமை... அந்த நாலரை மணி. மழை. லோண்ட்ரியில் ஒருவரும் இல்லை. வானை வாசலில் நிறுத்திப் பூட்டி, திறப்பைக் காற்சட்டைப் பைக்குள் போட்டார். உடுப்பை மெஷினில் போட்டுவிட்டு, சுவரோரம் கிடந்த நீட்டு மர வாங்கில் உட்கார்ந்தார். சளக்... சளக்... வெதுவெதுப்பு. பவுடர் மணம். கண் செருகிவிட்டது.

முழித்தபோது அவருடைய மெஷின் நின்றிருந்தது. ஆனால் சத்தம் நிற்கவில்லை.

சளக்... சளக்...

மூலையில் கடைசி மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள் காசு போட்டது யார்? கிட்டப் போய்ப் பார்த்தார். நுரை. நுரைக்குள் நீலம். ஒரு கை மேலே வந்து கண்ணாடியில் ஒட்டியது... பிறகு வழுக்கி விழுந்தது. சோட்டியின் கை.

மழைக்குள் ஓடினார். வான் பூட்டியபடி நின்றது. முன் சீட்டில் பை. மூன்று முடிச்சும் அப்படியே இருந்தன. பை மட்டும் தட்டையாகக் கிடந்தது.

திரும்பி ஓடி வந்து மெஷின் கதவை இழுத்தார். ஓடுகிற மெஷின் திறக்குமா? கண்ணாடியில் குத்தினார். எல்லாப் பட்டனையும் அமத்தினார். இன்னும் இருபத்துமூன்று நிமிஷம் என்று காட்டியது. இருபத்திரண்டு... இருபத்தொன்று... கடைசியில் வாங்கில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். இந்த இடத்தைச் சொல்லும்போது எனக்குப் பயம் வருவதில்லை, அழுகைதான் வருகிறது. தனக்கென்று மிச்சமிருந்த பெண்சாதி நுரையோடு போவதை ஒரு மனுஷன் உட்கார்ந்து பார்க்க வேண்டியிருந்தது.

அப்போது... வாங்கின் மற்ற முனை மெல்லத் தாழ்ந்தது. பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்தால் தாழுமே, அப்படி. சித்தாலேப மணம். பைக்குள் இருந்த பழைய மணம் இல்லை. இப்போதுதான் பூசியது... கண்ணில் நீர் வர வைக்கிற மணம்.

அவர் திரும்பவில்லை. "ஏன் தவம்... எனக்கு உது ஒண்டுதானே இருந்தது" என்றார்.

"ஊத்தையா வச்சுக்கொண்டு திரியிறியள். பாக்கிற சனம் என்ன சொல்லும்?"

அவ்வளவுதான். மெஷின் நின்றது. வாங்கு நிமிர்ந்தது. அவர் சோட்டியை வெளியே எடுத்து, கழுத்து, கை, முதுகு, தையல் என்று ஒவ்வோர் இடமாக முகர்ந்து பார்த்தார். வெறும் பவுடர் மணம்தான் இருந்தது.

வேறு யாரும் என்றால் லண்டனை விட்டே ஓடியிருப்பார்கள். இவருக்கோ ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டது. ஊத்தை இருந்தால் தவமலர் வருவார்.

அன்றோடு தோய்ப்பதை நிறுத்தினார். குளிப்பதை நிறுத்தினார். ஒரே சாம்பல் நிறச் சட்டை, மூன்று கிழமை, கிட்டத்தட்ட இருபது நாள். சாப்பாடு கொண்டு போன துசியந்தி வானின் வாசலில் நின்று அழுதார். "உந்தக் கோலத்தில மச்சாள் பாத்தால் என்ன நினைப்பா?"

"அதுதான். வந்து பாக்கட்டும்" என்றார் மாமா. ஒவ்வோர் இரவும் சுவரோடு சாய்ந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு காத்திருந்தார்.

தைப்பொங்கலுக்கு இரண்டு நாள் முந்தி... விடியப்புறம். வெளியே எல்லாம் உறைந்து கிடந்தது. கழுத்தில் ஏதோ ஊர்ந்தது. தொட்டுப் பார்த்தார். தண்ணீர். சூடான தண்ணீர். தலைமயிர் நனைந்திருந்தது. பக்க வகிடெடுத்து வாரியிருந்தது. நகத்துக்குள் இருந்த ஊத்தைகூட இல்லை. உடம்பில் வெள்ளைச் சட்டை, கழுத்துவரை பொத்தான் பூட்டியிருந்தது. கால்மாட்டில் உடுப்பெல்லாம் மடித்து அடுக்கியபடி, இன்னும் சூடு ஆறாமல். வான் உள்ளேயிருந்து பூட்டியபடியே இருந்தது.

தூங்கிவிட்டார்! மூன்று கிழமை அதற்காகவே முழித்துக் கிடந்த மனுஷன், தவமலர் வந்து தலைக்கு வார்த்த நேரம் பார்த்துத் தூங்கிவிட்டார். இதை நினைத்தால் எனக்கு அவரைக் கட்டிக்கொண்டு குழறி அழ வேண்டும்போல இருக்கும்.

ஒன்றை மட்டும் காணவில்லை. அந்தச் சாம்பல் நிறச் சட்டை. அடுக்கில் இல்லை, மெத்தைக்குக் கீழே இல்லை, ரோட்டில் இல்லை. மூன்று கிழமை ஊத்தையோடு... அதைத் தவமலர் தோய்க்காமல் அப்படியே கொண்டு போயிருக்கிறார்.

"அவவுக்கும் ஏதாவது வேணும்தானே" என்று மாமா பிரசாந்தினியிடம் சொன்னாராம்.

அதற்குப் பிறகு தவமலர் வரவில்லை. மாமா வானை விட்டுவிட்டுத் துசியந்தி வீட்டு அறைக்கு வந்தார். திரும்பவும் பார்சல் ஓடுகிறார். சாப்பிடுகிறார், தொலைக்காட்சி பார்க்கிறார். எல்லாருக்கும் நிம்மதி.

துசியந்திதான் முதலில் கவனித்தார். மாமா நாள் முழுக்கப் பாரம் தூக்கி, வேர்வையில் தொப்பலாக நனைந்து வருகிறார். கழற்றிப் போட்ட சட்டையை மெஷினில் போடும்முன் முகர்ந்து பார்ப்போமே... ஒன்றும் இல்லை. வேர்வை மணம் இல்லை. சோப்பு மணம் இல்லை. படுத்தெழும்பிய தலையணையிலும் இல்லை. மாமாவின் மணமெல்லாம் அந்தச் சாம்பல் நிறச் சட்டையோடு போய்விட்டதுபோல.

போன மாதம் அவருடைய பிறந்தநாள். பிரசாந்தினி மாமாவை இறுக்கிக் கட்டிப்பிடித்து, வேண்டுமென்றே கழுத்தடியில் முகத்தை வைத்துப் பார்த்தாளாம். உடம்பில் சூடு இருந்ததாம். நெஞ்சு அடித்ததாம். நன்றாக மூச்சை உள்ளே இழுத்தாளாம்...

மணத்துக்கு அங்கே ஆளே இல்லையாம்.