பன்னிரண்டாம் ஃபாரம்

மேசைமேல் மணியையும் மனத்தில் கனிவையும் வைத்துக்கொண்டு இந்த அவைக்குத் தலைமை தாங்கும் வரலாற்று வாத்தியார் ஐயா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்து என் முழங்காலை நடுங்க வைக்கும் மூத்தோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு வந்தோமா என்ற ஐயத்தோடு அமர்ந்திருக்கும் அன்னையர்களே, அந்த அன்னையரை அழைத்து வந்ததே தாங்கள்தான் என்று நம்பிக்கொண்டிருக்கும் தந்தையர்களே, கதவோரம் இடம்பிடித்துக் கிளம்பும் நேரம் பார்த்துக்கொண்டிருக்கும் கண்மணிகளே, உங்கள் அனைவருக்கும் புத்தகம் தைக்கும் இந்தக் கையின் பணிவான வணக்கம்.

‘கதையும் வரலாறும் கலந்து வாசிப்போம்’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். பெரிய தலைப்பெல்லாம் பெரிய தலைகளுக்கு. எனக்குத் தெரிந்தது நூலகத்தின் பின்பக்கத்தில் இருக்கும் ஓர் அறை. அதில் ஒரு மேசை, ஒரு பசைச் சட்டி, ஓர் இரும்பு அழுத்தி, நாலு ஊசி. நைந்து வரும் புத்தகத்தைப் பிரித்து, பழைய நூலை அறுத்து, காய்ந்த பசையைச் சுரண்டி, மறுபடி தைத்து அட்டை போடுவது என் வேலை. முப்பத்தோரு வருடமாக அதைத்தான் செய்கிறேன்.

உங்கள் கைக்குப் புத்தகம் ஒரே பொருளாக வருகிறது. என் கைக்கு அது பதினாறு பதினாறு பக்கமாக மடித்த கட்டுகளாக வருகிறது. அந்தக் கட்டுக்கு ஃபாரம் என்று பெயர். முழுப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தால் வேலை கெடும். ஒரு வரிகூடப் படிக்காவிட்டால் எனக்கு உயிர் கெடும். ஆகவே நானும் என் மனசாட்சியும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். ஒரு புத்தகத்துக்கு ஒரு ஃபாரம். பதினாறு பக்கம் படிப்பேன், படித்ததைக் கவிழ்த்து வைப்பேன், அடுத்த புத்தகத்தைப் பிரிப்பேன்.

அந்தப் பதினாறு பக்கத்தில் என்னவெல்லாம் கண்டேன் தெரியுமா? காலை பத்து மணிக்குக் கப்பலேறிக் கடல் கடந்தேன். பதினொன்றுக்குப் பாழடைந்த பங்களாவில் பேயைப் பார்த்தேன். உச்சிப் பொழுதில் ஒரு பேரரசு சரிந்தது. சாப்பிட்டுக் கைகழுவி வந்தால் இரண்டு பேர் படிக்கட்டில் நின்று காதலிக்கிறார்கள். மூன்று மணிக்கு மனிதன் நிலவையும் தாண்டிப் போய்விட்டான். நாற்காலியை விட்டு நான் நகரவே இல்லை, ஐயா. எந்த மன்னனுக்கு ஒரே நாளில் இத்தனை வாய்த்தது? எந்த மகாராணி ஒரே மேசையில் இத்தனை உலகம் கண்டாள்? பசை காயும் நேரத்தில் இந்தப் பாவி கண்டேன். கண்டு வாய் பிளந்து உட்கார்ந்திருந்தேன்.

பின்னால் ஒருவர் கேட்கிறார், ‘முடிவெல்லாம் தெரியுமாக்கா’ என்று. தெரியாது, தம்பி. அதுதான் என் வயிற்றெரிச்சல். அந்தக் காதல் கைகூடியதா, தெரியாது. அந்தக் கப்பல் கரை சேர்ந்ததா, தெரியாது. பேய் யாருடைய பேய், அதுவும் தெரியாது. ஆரம்பமும் முடிவும் இல்லாமல் நடுவிலேயே குடித்தனம் நடத்தியவள் நான்.

இனி என் குற்றத்துக்கு வருகிறேன். பத்து வருடம் மூடி வைத்தது. நூலகர் அம்மா மன்னிக்க வேண்டும்.

ஒருநாள் இரண்டு புத்தகங்களை ஒன்றாகப் பிரித்துப் போட்டிருந்தேன். ஒன்று துப்பறியும் கதை. மற்றொன்று வரலாறு, முற்றுகையில் சிக்கிய ஒரு கோட்டை நகரத்தின் வரலாறு. இரண்டும் ஒரே அச்சகம், ஒரே அளவு, ஒரே எழுத்து. இரண்டுமே பன்னிரண்டு ஃபாரம், நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பக்கம். அன்றைக்கு ஒப்பந்தத்தை மீறினேன். இரண்டின் கடைசி ஃபாரத்தையும் கையில் எடுத்து, இதில் ஒரு பக்கம், அதில் ஒரு பக்கம் என்று மேயத் தொடங்கினேன். இங்கே கொலைகாரனைப் பிடிக்கப் போகிறார்கள், அங்கே கோட்டைக் கதவு திறக்கப் போகிறது. அந்த நேரம் பார்த்து மேற்பார்வையாளர் செருப்புச் சத்தம். பதறிப்போய் இரண்டையும் கவிழ்த்து வைத்தேன். தைக்கும்போது ஒழுங்காகத்தான் சரிபார்த்தேன். ஒவ்வொரு ஃபாரத்தின் அடியிலும் பொடி எழுத்தில் எண் போட்டிருக்கும். பன்னிரண்டு என்று இருந்தது. பன்னிரண்டுதானே வேண்டும்? தைத்துவிட்டேன். அட்டையும் போட்டுவிட்டேன். ஊசி குத்தினால் விரலுக்குத் தெரியும். ஊரைக் குத்தியது எனக்குத் தெரியவில்லை.

மூன்று வாரம் போனது. ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல், காக்கிச் சட்டை போட்ட ஒரு பேருந்து ஓட்டுநர் என் அறை வாசலில் வந்து நின்றார். வணக்கம் இல்லை, வாய்ச்சொல் இல்லை. நேரே கேட்டார்.

“அம்மா, கொலை பண்ணினது யாரு?”

“எந்தக் கொலைங்க? எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க” என்றேன்.

“நீங்க தைச்ச புத்தகம்தானே இது? நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு என் வீட்டுக்காரிக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன். யாருன்னு தெரியாம உள்ள போகமாட்டேங்கிறா.”

உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். கதை வந்தது. அவருடைய மனைவி தையல்காரர். நாமெல்லாம் தையல் அக்கா என்போமே, அவர்தான். இதய வார்டில் ஆறாவது கட்டில். பார்வையாளர் நேரம் நாலிலிருந்து ஆறு. என்ன பேசினாலும் இருவருக்கும் அழுகை வந்ததால், பேசுவதை விட்டுவிட்டு ஓட்டுநர் ஒரு துப்பறியும் கதையை உரக்கப் படிக்கத் தொடங்கினார். பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்டது, பிறகு எதிர்க்கட்டிலுக்கு, பிறகு வார்டுக்கே கேட்டது. நாலு மணி ஆனால் செவிலியர்கூட மருந்துத் தட்டோடு சுவரில் சாய்ந்து நிற்பார்களாம். திங்கட்கிழமை நூற்று எழுபத்தாறாம் பக்கம். துப்பறிவாளர் கதவைத் தாழிடுகிறார். ‘இந்த அறையில் இருக்கும் ஏழு பேரில் ஒருவர்தான் கொலை செய்தவர். அவர்...’ என்று பக்கம் முடிகிறது. ஓட்டுநர் எச்சில் தொட்டுப் பக்கத்தைத் திருப்பி, வண்டி ஓட்டும் பழக்கத்தில் பிரேக் போடாமல் படித்தார்: ‘...கோட்டைக் கதவுகளைத் திறந்துவிட ஆணையிட்டார்.’

மூன்றாம் கட்டில் பெரியவர் எழுந்தே உட்கார்ந்துவிட்டாராம். “அப்போ ராஜாதான் கொலைகாரனா? ராஜா எங்கப்பா வந்தாரு இதுல?”

சிரிக்கிறீர்கள். வார்டும் சிரித்திருக்கிறது. ஆனால் தையல் அக்கா சிரிக்கவில்லை. “நிறுத்தாதீங்க, படிங்க. என்னதான் வருதுன்னு பார்ப்போம்” என்றார். பதினாறு பக்கத்தையும் ஓட்டுநர் படித்து முடித்தார். நகரத்துக்குள் அடைபட்ட சனம் வெளியே வருகிறது. அவர்களில் தண்ணீர் சுமப்பவள் ஒருத்தி. எல்லோரும் உறவைத் தேடி ஓட, அவள் மட்டும் ஆற்றில் இறங்கி முகம் கழுவுகிறாள். அவள் அழுததை ஆறு மட்டுமே அறியும் என்று புத்தகம் முடிகிறது. அவள் யார், முகம் கழுவும்போது ஏன் அழுதாள், ஆறு கட்டிலுக்கும் தெரியவில்லை. கொலை செய்தவரும் தெரியவில்லை. அன்றைக்கு மணியடித்துவிட்டார்கள்.

கிளம்பும்போது அக்கா கணவரின் கையைப் பிடித்துச் சொன்னாராம். “உள்ள போறவ வெளிய வருவேனான்னு யாருக்குத் தெரியும். யாருன்னு மட்டும் கேட்டுச் சொல்லிடுங்க. பாதியில விட்டுட்டுப் போற மாதிரி இருக்கு.”

அதைச் சொல்லிவிட்டு ஓட்டுநர் புத்தகத்தை என் மேசைமேல் வைத்தார். என் குற்றம் எனக்குப் புரிந்தது: இரண்டு பன்னிரண்டாம் ஃபாரமும் புத்தகம் மாறித் தைபட்டிருந்தன. இத்தனை வருடம் முடிவு தெரியாமல் வாழ்ந்தவள், இன்னொருத்தியின் முடிவையும் பிடுங்கித் தைத்திருக்கிறேன். பசைக் கையோடு ஓடினேன். மற்ற புத்தகம் யாரிடம் இருக்கிறது என்று இரவல் பதிவேட்டில் பார்த்தேன். அது இருந்தது யார் வீட்டில்? இதோ தலைமை வகித்து வீற்றிருக்கிறாரே, இதே வாத்தியார் ஐயா வீட்டில்.

ஐயா செருமுகிறார். செருமட்டும். அந்நாளில் ஐயா யார்? ஆண்டுதோறும் நூலகத்துக்கு மனு எழுதுபவர். ‘துப்பறியும் குப்பைகளை அகற்றுக, வரலாற்று நூல்களை வாங்குக’ என்று அடிக்கோடிட்டு எழுதுபவர். அவர் கையில் போய் ஒரு கொலையின் கடைசிப் பதினாறு பக்கத்தைத் தைத்துக் கொடுத்திருக்கிறேன். எந்த முகத்தோடு போவது?

ஓட்டுநரும் நானும் போனோம். ஐயா வாசலிலேயே நின்று சொன்னார், “என் புத்தகத்துல ஒரு குறையும் இல்லையே.”

உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. “குறையில்லாமலா மூணு நாளா அந்தக் கடைசியையே திரும்பத் திரும்பப் படிக்கிறீங்க? முதல் பாகம் எங்க கிடைக்கும்னு விசாரிக்க என்னைத்தானே அனுப்பினீங்க?”

முழுப் பூசணிக்காய் சோற்றிலிருந்து வெளியே வந்துவிட்டது. ஐயா கண்ணாடியைக் கழற்றினார், போட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். “கொன்னது யாருன்னு தெரியுதும்மா. செத்தது யாருன்னுதான் தெரியல. மூணு நாளா தூக்கம் இல்ல.”

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பார்கள். எழுபதில் வளைந்ததை நான் கண்ணால் கண்டேன். ஓட்டுநர் விவரம் சொன்னதும் வாத்தியார் வேறொன்றும் கேட்கவில்லை. சட்டையை மாட்டினார், புத்தகத்தை எடுத்தார்.

நாலு மணிக்கு இதய வார்டு. ஆறாவது கட்டிலின் இந்தப் பக்கம் ஓட்டுநர், அந்தப் பக்கம் வாத்தியார், கால்மாட்டில் குற்றவாளியாகிய நான். வாத்தியார் படித்தார். வகுப்பில் தேதி சொல்லும் குரலைத்தான் அவரிடம் கேட்டிருக்கிறோம். அன்றைக்குத் தாழிட்ட அந்த அறைக்குள் எங்களையும் குரலால் அடைத்தார். ஏழு பேரையும் ஏழு குரலில் நிறுத்தினார். பெயரைச் சொல்லும் முன் ஒரு கணம் நிறுத்தினார் பாருங்கள், ஆறு இதய நோயாளிகளுக்கு முன்னால் அப்படி நிறுத்தலாமா? சொன்னார். வார்டே மூச்சு விட்டது.

யார் என்று கேட்கிறீர்களா? சொல்லமாட்டேன். நூலகம் காலை ஒன்பதுக்குத் திறக்கும்.

தையல் அக்கா கணவரைப் பார்த்தார். “ரெண்டாம் அத்தியாயத்துலயே சொன்னேன்ல? நீங்கதான் அந்த மருமகன் அந்த மருமகன்னு அடம் பிடிச்சீங்க.” பிறகு வாத்தியார் பக்கம் திரும்பினார். “ஐயா, அந்தத் தண்ணிக்காரி யாரு? எதுக்கு அழுதா?”

வாத்தியாரின் முகத்தை அப்போது பார்க்க வேண்டும். “தண்ணிக்காரியா? அவளுக்கு என்ன ஆச்சும்மா? யார் ஜெயிச்சது, எந்த வருஷம், எல்லாம் எனக்குத் தெரியும். அவ என்ன ஆனான்னு எந்தப் பாடப்புத்தகத்துலயும் இல்லையே” என்றார்.

அவையோரே, அந்தக் கணத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு பெண்ணின் வாழ்க்கை இவரிடம் இருக்கிறது, அவளுடைய முடிவு அவரிடம் இருக்கிறது. நடுவில் ஒரு கட்டில். வாத்தியார் சொன்னார்: முற்றுகை நூற்றிருபது நாள். கிணறுகள் வற்றின. ஒவ்வொரு குடமும் யாரோ ஒருவர் வாய்க்கு. குழந்தைகளுக்கும் காயம்பட்டவர்களுக்கும் சுமந்தாள் அவள். ஒருநாள் ஒருத்தி கேட்டாள், உன் முகத்தில் இவ்வளவு புழுதி, ஒரு கை தண்ணீர் அள்ளிக் கழுவக் கூடாதா என்று. அவள் சொன்னாள், ‘வெளியே போய்க் கழுவிக்கொள்கிறேன்.’ வெளியே போவோம் என்று அந்த நகரத்தில் அன்றைக்கு நம்பியவள் அவள் ஒருத்திதான். 

பிறகு ஓட்டுநர் தம் புத்தகத்திலிருந்து அந்தக் கடைசிப் பதினாறு பக்கத்தை மறுபடி படித்தார். கதவு திறக்கிறது. அவள் ஆற்றுக்குப் போகிறாள். முகம் கழுவுகிறாள். நேற்று புரியாத வரி இன்றைக்குப் புரிந்தது. வாத்தியார் அழுதார். மூன்றாம் கட்டில் பெரியவர் அழுதார். நான் அழுதேன், ஐயா. இருபத்தோரு வருடம் நடுவிலேயே கிடந்தவள், ஒரே மாலையில் இரண்டு முடிவு கேட்டேன். நூற்றாண்டுகளுக்கு முன்னால் ஒருத்தி அள்ளிய தண்ணீர் என் கன்னத்தில் வழிந்தது. இதைவிட ஒரு வியப்பு இந்த மண்ணில் உண்டா? காகிதம்தானே, கறுப்பு மைதானே, என் பசையும் நூலும்தானே?

மறுநாள் எட்டு மணிக்கு அக்காவை உள்ளே கொண்டுபோனார்கள். ஏழு மணி நேரம். அதன்பின் இரண்டு நாள் கண் திறக்கவில்லை. மூன்றாம் நாள் திறந்தார். தொண்டையில் குழாய், பேச முடியாது. ஒரு கையைத் தூக்கி நெற்றியிலிருந்து தாடை வரை மெல்ல இறக்கினார். மறுபடி தூக்கினார், மறுபடி இறக்கினார். செவிலியர் வலிக்கிறதா என்றார், வெளிச்சமா என்றார். விளக்கை அணைத்தும் பார்த்தார். கை நிற்கவில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்ற ஓட்டுநருக்கு மட்டும் புரிந்தது.

“சிஸ்டர், கொஞ்சம் தண்ணி கொண்டாங்க. அவ முகம் கழுவணும். அவ வெளிய வந்துட்டா.”

மணியை அடிக்காதீர்கள் ஐயா, இதோ முடிக்கிறேன். உயிரைக் காப்பாற்றியது மருத்துவர். புத்தகம் காப்பாற்றியது என்று நான் சொன்னால் இந்த ஒலிபெருக்கியைப் பிடுங்கிவிடுங்கள். ஆனால் உள்ளே போகும் துணிவைத் துப்பறியும் கதை கொடுத்ததா இல்லையா? வெளியே வந்ததும் செய்ய ஒரு வேலையை வரலாறு வைத்திருந்ததா இல்லையா? எது குப்பை, எது கோபுரம், சொல்லுங்கள். அலமாரிக்குச் சுவர் வேண்டும், அது மரம். மனத்துக்கு எதற்குச் சுவர்? பேய்க்கதை படியுங்கள், போர்க்கதை படியுங்கள், காதல் படியுங்கள், கல்வெட்டும் படியுங்கள். உங்களுக்கு வேண்டிய பன்னிரண்டாம் ஃபாரம் எந்தப் புத்தகத்தில் தைக்கப்பட்டிருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, தைத்த எனக்கே தெரியாது.

அந்த இரண்டு புத்தகங்களையும் பிரித்துச் சரிசெய்யச் சொல்லி நூலகர் அம்மா இப்போது ஆணையிடலாம். ஆணையிட்டால் செய்கிறேன். ஆனால் முதல் வரிசையில், கணவருக்குப் பக்கத்தில், இந்த விழாவுக்கென்று தாமே தைத்த பச்சை ரவிக்கை போட்டு ஒருவர் அமர்ந்திருக்கிறார். என் ஊசியைவிட அவர் ஊசி பெரிது. பிரிக்கலாமா என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பார்த்தீர்களா, தலையசைக்கிறார். வேண்டாமாம்.

தைத்து முடித்தால் நூலில் ஒரு முடிச்சுப் போடுவோம், இல்லாவிட்டால் அத்தனையும் அவிழும். இது என் முடிச்சு: குற்றத்தைக் கேட்டும் கோபிக்காத உங்களுக்கு என் நன்றி, பத்து வருடமாக என்னைக் காட்டிக்கொடுக்காத மூவருக்கும் என் நன்றி, எல்லோருக்கும் என் வணக்கம்.