எட்டாவது மாடியிலும் அதே கதவு

— நீங்க மொதல்ல கதவைத் திறங்கக்கா, அப்புறம் பேசிக்கலாம். என் வீட்டு வாசல்லயே என்னை நிக்க வச்சு—

— தம்பி, சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க, இது உங்க வீடு—

— என் வீடுன்னு எனக்குத் தெரியும். சாவிதான் இன்னிக்கு மக்கர் பண்ணுது.

— அது சாவி இல்ல, பஸ் கார்டு. வந்ததுலேர்ந்து அதை என் கேட்டுல தட்டிக்கிட்டு நிக்கிறீங்க.

— அதான் ‘பீப்’ சத்தம் வரலையேன்னு பார்த்தேன்.

— அகிலன், என்னைத் தெரியுதா இல்லையா? நூருன்னிசா. எட்டாவது மாடி. உங்க வீடு எனக்கு நேர் மேல.

— உங்களைத் தெரியாதாக்கா? நீங்க எங்க வீட்டுல என்ன செய்யறீங்கன்னுதான் தெரியல.

— அப்படியா? கதவுக்கு மேல என்ன மாட்டியிருக்கு, படிங்க.

— பிஸ்மில்லா.

— அது எப்படி உங்க வீட்டுக்கு வந்துச்சு?

— என் பொண்டாட்டி சுதா ஆன்லைன்ல எதையாவது வாங்கிக்கிட்டே இருப்பா. எங்கிட்ட எங்க கேக்கிறா?

— யா அல்லா. நீங்க தூங்கி எத்தனை நாளாச்சு தம்பி?

— தினமும் தூங்கறேனே. ராத்திரி ஏர்போர்ட்ல கார்கோ, காலையில தேக்கா மார்க்கெட்டுல அண்ணன் கடை, மத்தியானம் வீட்டுக்குத் திரும்பறப்ப நம்ம உட்லண்ட்ஸ் ஸ்டேஷன் வர்ற வரைக்கும் ரயில்ல அருமையான தூக்கம். உட்கார இடம் கிடைக்கலன்னா நின்னுக்கிட்டே. ஆறு மாசமா இப்படித்தான். என் தலை கிளியர் லா.

— இன்னிக்கு என்ன கிழமை?

— வியாழன்.

— சனி.

— அப்போ வெள்ளிக்கிழமை எனக்கு வரவே இல்லையேக்கா.

— கால்ல பாருங்க. ஒரு ஷூ கறுப்பு, ஒண்ணு மண் கலர்.

— ரெண்டும் ஒரே மாதிரி கடிக்குது, அதனால கவனிக்கல.

— என் மகன் ரய்யான் கிளினிக்ல வேலை பார்க்கிறான்ல, அவன் சொல்றான். நாள்கணக்கா தூக்கம் கெட்டவங்களுக்கு, கெட்டிருக்கிறதே தெரியாதாம். குடிச்சவன் நான் தெளிவா இருக்கேன்னு சொல்ற மாதிரி. மூளையில எதுவும் ஒட்டாதாம்.

— குடிகாரனோட என்னைச் சேர்க்காதீங்க. நேத்து கடையில மிளகாய்த்தூள் கேட்டவருக்குக் குங்குமம் நிறுத்துக் கொடுத்துட்டேன், அவ்வளவுதான். அவரும் மோந்து பார்த்துட்டு நல்ல காரம்னாரு. யாருக்குத் தூக்கம் பத்தலைன்னு நீங்களே சொல்லுங்க.

— சுதா காதுல இதைப் போட்டே ஆகணும்.

— வேண்டாங்கக்கா. போன மாசம் ஏழாவது மாடியில டான் அங்கிள் சோபாவுல உட்கார்ந்து காப்பி கேட்டுட்டேன். அவரும் கலந்து கொடுத்தாரு. அன்னிக்கே சுதா சத்தியம் வாங்கிட்டா. இன்னொரு தடவை வீடு மாறிப் போனா நைட் ஷிப்டை விட்டுடணும்னு.

— விட்டுத் தொலைங்களேன்.

— எப்படிக்கா விடுவேன்? அங்க நான் சூப்பர்வைசர். சார், சார்னு கூப்பிடறாங்க. கடையில அண்ணனுக்கு எடுபிடி. வீட்டுல நான் யாருன்னு உங்களுக்கே தெரியும். அதையும் விட்டா எனக்கு என்ன மிச்சம்?

— அப்போ கடையை விடுங்க.

— அண்ணன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு யோசிக்கணும். யோசிக்க உட்கார்ந்தா தூங்கிடறேன்.

— சுதாகிட்ட மனசு விட்டுப் பேசுங்க தம்பி. புரிஞ்சுக்கும்.

— அவகிட்டயா? ராத்திரி வரைக்கும் மாவு அரைக்கிறா, விடியறதுக்குள்ள எந்திரிச்சு ஆர்டருக்கு இட்லி அவிக்கிறா. என்னைவிடக் கம்மியாத்தான் தூங்கறா. ஒரு நாள் தடுமாறியிருப்பாளா? கம்ப்யூட்டர்க்கா அவ. அவ முன்னாடி போய், தூக்கத்துல வீடு மாறிட்டேன்னு எந்த மூஞ்சியோட சொல்வேன்?

— ம். அதைத்தான் நானும் யோசிச்சுக்கிட்டு இருக்கேன்.

— யோசிக்காதீங்க, சொல்ல மாட்டேன்னு ஒரு வார்த்தை கொடுங்க. சத்தமில்லாம படியேறிப் போயிடறேன். இந்நேரம் வாசல்லயே நின்னு மணி பார்த்துக்கிட்டு இருப்பா.

— இருக்காது தம்பி. காலையில என் கேட்டு திறந்து கிடந்துச்சு, உங்க சுதா விறுவிறுன்னு உள்ள வந்துச்சு, மாவுச் சட்டியை என் பிரிட்ஜுல வச்சுச்சு, ‘புதுசா வேலைக்கு வந்த அம்மாவா, தரையைத் தொடச்சிருங்க’ன்னு எங்கிட்ட சொல்லிட்டு என் கட்டில்ல போய்ப் படுத்துச்சு, நீங்க போட்ட இவ்வளவு சத்தத்துக்கும் இன்னும் எந்திரிக்கல.