கோணல் சக்கரம்

விளக்கைத் தணித்துவிட்டுக் கிட்ட வந்து உட்காருங்கள். பேய்க்கு ராத்திரிதான் வேண்டும் என்று எவன் சொன்னானோ தெரியவில்லை. இது பட்டப்பகலில் நடந்தது... உச்சி வேளை, பன்னிரண்டரை மணி. லாபிஸ் ஊரிலிருந்து சாஆ ஊருக்குப் போகும் செம்மண் பாதை. இரண்டு பக்கமும் ரப்பர் மரம். பால் வெட்டுகிறவர்கள் லயத்து வீடுகளுக்குத் திரும்பிவிட்டார்கள். ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை.

என் மச்சானின் பெரியப்பா லெட்சுமணன், தோட்டத்துத் துரையின் காரைத் தனியாக ஓட்டி வந்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பது வாக்கில். முன் சக்கரம் ஒன்று சுற்றுக்கு ஒரு தடவை துள்ளியது. தட்... தட்... தட்... இன்னொரு முறை கார் குலுங்கினால் வேலை கிடையாது என்று துரை சொல்லியிருந்தார். வேலை போனால் வீடும் போகும். பெண்டாட்டி நிறைமாதம்.

அதனால்தான் முந்தின நாள் பட்டறை ஐயாசாமியிடம் காட்டினார். ஒரே தட்டில் சாப்பிட்ட சிநேகிதர் அவர். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, சுற்றிவிட்டு, விளிம்போரம் சுண்ணக்கட்டியைப் பிடித்தார். கோணல் இருந்தால் மேடான இடத்தில் மட்டும் கோடு விழும். அன்று முழு வட்டமாக விழுந்தது.

"சக்கரத்துல ஒன்னுமில்ல லெட்சுமணா. உன் கைதான் சரியில்ல."

துரையிடமும் அதையே சொல்லிவிட்டார். அந்தக் காரை முன்னே ஓட்டிய சபாபதிக்கும் கை சரியில்லை என்ற அதே பெயர்தான். போன வருஷம் இதே பாதையில் சதுப்பில் கவிழ்ந்து செத்துப்போனான். காரை மட்டும் செப்பனிட்டு மறுபடி ஓட்டினார்கள்.

லெட்சுமணனுக்கு மனசு கேட்கவில்லை. வழியிலேயே நிறுத்தி ஜாக்கி போட்டார். ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றினால், கையோடு கொண்டுவந்த சுண்ணக்கட்டியைப் பிடித்த மறு கை ஆடியது. அப்போது பக்கத்தில் ஒருவன் வந்து குந்தினான். காக்கிச் சட்டை... ஈரச் சேற்று வாடை. தோட்டத்து ஆள் என்று நினைத்துக் கட்டியை அவனிடம் கொடுத்தார். அவன் கை இம்மியும் அசையவில்லை. கீச்... கீச்... நான்கு விரல் அகலத்துக்கு மட்டும் வெள்ளைக் கோடு. மற்ற இடமெல்லாம் சுத்தம்.

அப்படியானால் ஐயாசாமி கையையும் சக்கரத்தோடு சேர்த்து ஆட்டித்தான் வட்டம் போட்டிருக்கிறான். தெரிந்தே! லெட்சுமணனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"என்கிட்டயும் அப்படித்தாண்ணே சொன்னான்."

திரும்பினார். யாருமில்லை. செம்மண்ணில் ஒரு காலடிகூட இல்லை.

காரை அங்கேயே விட்டுவிட்டு நடந்தே பட்டறைக்குப் போனார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். ஐயாசாமி மறுக்கவில்லை. சபாபதி காட்டிய அன்றைக்கும் அந்தச் சக்கரத்தைச் சரி என்று அனுப்பியது தான்தான், இப்போது கோணல் என்றால் சபாபதியின் சாவு தன் தலையில் விழும், அதனால்தான் என்றார்.

"அதுக்கு நான் சாகணுமாடா?"

ஐயாசாமி ஒன்றே ஒன்று கேட்டார்.

"கட்டிய எந்தக் கையில புடிச்சிருந்தான்?"

"சோத்துக் கையில."

ஐயாசாமி தன் வலது கையைக் குனிந்து பார்த்தார்.

"சதுப்புல மூனு நாள் தேடினோம்... அவனோட அந்தக் கை மட்டும் கிடைக்கவே இல்ல."