சாட்சி காலமானார்

எனக்குக் கையெழுத்து அழகு. அலுவலகத்தில் இரங்கல் கடிதம் எழுத வேண்டுமென்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். இதையும் அடித்தல் திருத்தல் இல்லாமல்தான் எழுதுகிறேன்.

தொண்ணூற்று நான்கில், போரில் பணத்தை இழந்த பழைய சிப்பாய்களின் கோரிக்கைகளைத் தீர்க்கும் மேசை என்னுடையது. மஸ்கட்டிலிருந்து எனக்கு விசா வந்திருந்தது. ஒரு மாதத்துக்குள் போய்ச் சேர வேண்டும். மேலாளர் சாரங்கபாணி ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்:

"பெண்டிங் ஃபைல் ஒண்ணு இருந்தாலும் என்.ஓ.சி. கிடையாது தம்பி. மஸ்கட் எங்கயும் ஓடிப்போயிடாது."

மஸ்கட் ஓடாது. விசா ஓடும். இதை அவருக்குப் புரியவைக்க என்னால் முடியவில்லை.

நாற்பத்தொரு கோப்புகளை முடித்தேன். இரண்டு மட்டும் அசையவில்லை. ஒன்று திருக்கடையூர்ப் பெரியநாயகசாமியுடையது. மற்றது திருவாரூர்ப் பக்கத்து வைரக்கண்ணுவுடையது. நாற்பத்திரண்டாம் வருடம் பர்மாவில் இருவரும் ஒரே படைப்பிரிவு. சேர்த்த சம்பளத்தைப் பிரிவின் பணப்பெட்டியில் கொடுத்து வைத்திருந்தார்கள். பின்வாங்கும்போது பெட்டி ஐராவதி ஆற்றில் போய்விட்டது. ரசீதும் அதோடு போயிற்று. விதிப்படி, கூட இருந்த ஒருவர் நேரில் வந்து சாட்சி சொல்ல வேண்டும். இவர் மனுவில் அவர் பெயர். அவர் மனுவில் இவர் பெயர். 'உயிரோடு இருந்தால் சொல்வார்' என்று இருவருமே எழுதியிருந்தார்கள். பட்டாளத்தை விட்டு வந்தபின் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. இருவர் முகவரியும் சேர்ந்து இருந்த ஒரே இடம் என் மேசை.

பெரியநாயகசாமி மாதாமாதம் மனைவி அமலோற்பவத்தோடு வந்து உட்கார்ந்துவிடுவார்.

"பணம் கெடக்கட்டும் தம்பி. ஒரு காயிதம் குடுங்க. அந்தப் பணத்துல நாலு மா நெலம் வாங்குறேன்னு சொல்லித்தான் இவளக் கட்டுனேன்."

"ரங்கூன்ல சீட்டாடித் தோத்துட்டு, பெட்டி ஆத்துல போச்சாம்," என்பார் அந்த அம்மாள். "அம்பது வருசமா அந்தப் பெட்டி மெதந்துக்கிட்டே இருக்கு தம்பி."

ஆளுக்கொரு அஞ்சலட்டை போட்டு, இருவரையும் ஒரே நாளில் வரவழைத்திருக்கலாம். அப்புறம் வாக்குமூலம், அது சென்னைக்குப் போவது, அங்கிருந்து ஒரு கேள்வி, அதற்கொரு பதில். குறைந்தது எட்டு மாதம். இன்னொரு வழி இரண்டே சொல்: 'சாட்சி காலமானார்.' இரண்டு கோப்பிலும் எழுதி மூடினேன். இருவருக்கும் இரங்கல் கடிதமும் அனுப்பினேன்.

அதோடு விட்டார்களா? வைரக்கண்ணு மொட்டையடித்துக்கொண்டு நேரிலேயே வந்துவிட்டார்.

"எந்தத் திதியில போனாருங்க? அவங்க வேதக்காரங்க, எள்ளுந் தண்ணியும் எறைக்க மாட்டாங்க. நானாவது வருசா வருசம் எறைக்கணும்."

மஸ்கட்டுக்குக் கிளம்ப ஐந்து நாள்தான் இருந்தது. எரிச்சல் எனக்கு மட்டும் வராதா? ஆனாலும் பஞ்சாங்கத்தைப் புரட்டி, நல்ல ஏகாதசியாகப் பார்த்துச் சொன்னேன். பெரியநாயகசாமிக்கு அந்தச் சிரமம் இல்லை. மாதா கோயிலில் பூசை வைக்கத் தேதி போதும். தேதியைக் கேட்டுக்கொண்டு, முதல்முறையாக, காகிதம் கேட்காமல் எழுந்து போனார்.

மஸ்கட்டில் அரவிந்தன் என்றொரு எலக்ட்ரீஷியன். ஒருநாள் சாப்பிடும்போது சிரித்துக்கொண்டே சொன்னான்:

"எங்க தாத்தா ஒரு கிறிஸ்டியனுக்குத் திதி குடுக்குறாருங்க. ஐயரு கோத்திரம் கேட்டா பட்டாளம்ங்கிறாரு."

தாத்தா பெயர் வைரக்கண்ணு. அப்போதே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் எழுபத்தைந்து வயது மனிதர். செத்தவர் எழுந்து வந்தால் நெஞ்சு தாங்குமா? அவர் நலனுக்காக வாயை மூடிக்கொண்டேன்.

போன வாரம் விடுமுறையில் வந்து, அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்காகத் திருக்கடையூர் போயிருந்தேன். பஸ் நிறுத்தத்தில் அமலோற்பவம் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"போன மாசம் போயிட்டாரு தம்பி. கடைசி வரைக்கும் சீட்டாடலன்னே சாதிச்சாரு. சாட்சிக்கு ஆளில்லாத தைரியம்."

ஆறுதல் சொன்னேன். அது எனக்கு நன்றாக வரும்.

வைரக்கண்ணுவுக்குத் தெரிவிக்கலாமா என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். தேவையில்லை. அவருக்குத்தான் ஐந்து வருடம் முன்பே, திதியோடு, சொல்லிவிட்டேனே.