கொக்கின் கழுத்தில் ஒரு புள்ளி

பழைய காகிதத்துக்கு ஈரம் ஆகாது, சார். படம் சேர்க்கிற யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள்.

என்னிடம் இருப்பவை பறவைப் படங்கள். இருநூறு வருஷத்துக்கு முன்னால் செம்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்து, இறகு இறகாகக் கையால் வண்ணம் தீட்டியவை. முதல் படத்தை, ஒரு மீன்கொத்தியை, வாங்கிக் கொடுத்தவளே அக்காதான். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள். அதனால் நுரையீரல் கெட்டு அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது, ஒரு வார்த்தை பேசாமல் முன்னறையை ஒழித்துக் கொடுத்தேன். மாடிப்படி அவளால் ஏற முடியாது. வீட்டில் சுவர் கசியாத அறையும் அது ஒன்றுதான். படங்களும் அங்கேயே இருந்தன.

காலையும் மாலையும் ஆவி பிடிக்க வேண்டும், ஜன்னல் திறந்தே இருக்க வேண்டும் என்றார் டாக்டர். நானும் பொறுத்துப் பார்த்தேன். மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் காலை பார்த்தால், கொக்குப் படத்தில் கழுத்தருகே பழுப்பாக ஒரு புள்ளி. பூஞ்சை. ஒன்று வந்தால் தாள் முழுக்கப் பரவிவிடும். ஆவி பிடிக்கிற கெட்டில் ரிப்பேர் என்று சொல்லி எடுத்து வைத்துவிட்டேன். ஜன்னலுக்கு ஆணி அடித்தேன்.

“தம்பி, மூச்சு முட்டுதுடா. கொஞ்சமாவது திறந்து விடேன்.”

“மழை பெய்யுதுக்கா. ஈரம் உள்ள வந்துடும்.”

“வந்தா வரட்டுமே. நனையப்போறது நான்தானே.”

அக்காவுக்கு எப்போதும் தமாஷ்தான். மறுநாள் சுவரைப் பிடித்துக்கொண்டே சமையலறைக்குப் போய், வெந்நீர்ப் பாத்திரத்தைத் தானே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். தடுக்கி விழுந்து மேலே கொட்டிக்கொண்டால் என்ன ஆவது? அன்றிலிருந்து கதவை வெளியே தாழிட்டேன். அவள் நல்லதுக்குத்தான்.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் கூப்பிட்டாள். கொக்குப் படத்தைக் கழற்றிச் சாப்பாட்டு மேஜையில் வைத்து, பின்னால் ஒட்டியிருந்த அட்டையை உரித்துக்கொண்டிருந்தேன். பாதியில் விட்டால் தாள் கிழிந்துவிடும். கதவைத் தட்டினாள். கொஞ்ச நேரம் விடாமல் தட்டினாள். பிறகு ஏதோ விழுந்த சத்தம். அட்டை முழுசாக வந்த பிறகு கை கழுவித் துடைத்துக்கொண்டு போனேன். கதவு பாதிக்கு மேல் திறக்கவில்லை. அதை ஒட்டியே கிடந்தாள்.

ஆமாம் சார், கேட்டது. எல்லாமே கேட்டது. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் அக்காவுக்கு என் மேல் கோபம் இருந்ததென்று மட்டும் எழுதிவிடாதீர்கள். கடைசி மூச்சுவரை “தம்பி, தம்பி” என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.