அட்டையில் ஒரு வரி

— கையை எடுங்கோ அண்ணை. அந்த அட்டையில தொடக்கூடாது.

— தொடேல்லை தங்கச்சி. கழட்டத்தான் பாக்கிறன்.

— கழட்டவோ? கீழ சேர்ச் மண்டபம், மேல இந்த அறை எங்கட நினைவுக்கூடம். ஞாயிறு பூசை முடிய வால்தம்ஸ்டோச் சனம் முழுக்க ஏறிவந்து பாத்திட்டுப் போகுது. ஒருத்தரும் ஒண்டிலயும் கை வைக்கேல்லை. நீங்கள் ஆர்?

— அருட்பிரகாசம். லண்டன்ர மற்றக் கரை, டூட்டிங்கிலயிருந்து வாறன். கதவில பொறுப்பு எமில்டா எண்டு எழுதிக் கிடக்கு. அது நீர்தானே?

— ஓம். உங்களை ஆர் அனுப்பினது?

— ஒருத்தரும் அனுப்பேல்லை. பஸ்ஸிலயும் ரெயினிலயும் ஒண்டரை மணித்தியாலம், நானா வந்தனான். ஒரு பிழை கிடக்கு. அதைத் திருத்த வேணும்.

— சொல்லுங்கோ, என்ன பிழை?

— எல்லாத்தையும் ஆறுதலாப் பாத்தனான். தொண்ணூற்றஞ்சில யாழ்ப்பாணம் இடம்பெயர்ந்த படங்கள், மழைக்குள்ள நாவற்குழிப் பாலத்தால சனம் நெரிபட்டுப் போறது, ஆரோ பூட்டிப்போட்டுக் கொண்டுவந்த வீட்டுத் திறப்பு. எல்லாம் சரி. கதவுக்குப் பின்னால, மூலையில, இந்தச் சின்ன அட்டை. வாசியும்.

— நான் எழுதினது. எனக்குப் பாடம். ‘1990 ஒக்ரோபர் 30. யாழ்ப்பாண முஸ்லிம் மக்கள் இரண்டு மணித்தியாலத்துள் வெளியேறும்படி பணிக்கப்பட்டனர். மூன்று நாளில் திரும்பலாம் என அறிவிக்கப்பட்டது.’

— அந்தக் கடைசி வரி. அதை எடும்.

— ஏன்?

— அப்பிடி ஒரு உத்தரவு இருக்கேல்லை. விளங்குதோ? திரும்பி வரலாமெண்டு இயக்க மேலிடத்தில ஒருத்தரும் சொல்லேல்லை. இஞ்சை பிறந்த பிள்ளையள் இதை வாசிச்சா, சனத்தை மூண்டு நாள் உறவுக்காரர் வீட்டை அனுப்பினது எண்டுதான் நினைக்குங்கள்.

— பாருங்கோ அண்ணை, இந்த அட்டை சுவரில ஏற நான் எட்டு மாசம் சண்டை பிடிச்சனான். அந்தப் பெரிய சுவரில கிடக்கிற எங்கட இடம்பெயர்வும் ஒக்ரோபர் முப்பது, இதுவும் ஒக்ரோபர் முப்பது. இடையில அஞ்சு வருசம். எங்களைத் துரத்தினதை மட்டும் எழுதிப்போட்டு, நாங்கள் பாத்துக்கொண்டு நிண்டதை எழுதாமல் விடேலாது எண்டன். நினைவுக்கூடக் கமிட்டியில பதினொரு பேர். எங்கட துன்பத்தைக் காட்டுற இடத்தில எங்கட குற்றத்தை ஏன் தொங்கவிடுறீர் எண்டு குலசேகரம் மாஸ்டர் கேட்டவர். பேர் சொல்லாத ஒருத்தன் போன் எடுத்து, ஊரில உம்மட தாய் தனியத்தானே இருக்கிறா எண்டு விசாரிச்சவன்.

— பிறகு எப்பிடி விட்டவை?

— அந்தக் கடைசி வரியைச் சேர்த்தால் ஓம் எண்டினம். தற்காலிகமாத்தான் அனுப்பினது எண்டு சொல்ல அவைக்கு அது வசதி. இப்ப வரியை எடுத்தால், அடுத்த கூட்டத்தில அட்டையையே எடுத்திடுவினம். அஞ்சு மணிக்கு மாஸ்டர் வருவார். அவருக்கு முன்னால இந்தக் கதையை எடுக்காதேங்கோ.

— அப்ப உண்மையைத் தாங்கிறதுக்கு ஒரு பொய்யை முண்டு குடுத்திருக்கிறீர்.

— பொய்யில்லை. பொய்யெண்டால் நான் ஒத்துக்கொண்டிருக்க மாட்டன். என்ர ரெண்டு காதாலயும் கேட்டனான்.

— எங்கை கேட்டனீர்?

— முஸ்லிம் சனம் இருந்த சோனகதெருவில. ஹாஜரா அக்காவிட்டைத் தையல் பழகினனான். என்ர சிநேகிதி பியற்றிசுக்குக் கலியாணச் சட்டை வெட்டிக்கொண்டிருக்கிறம், காலமை. ஒஸ்ரின் கார் ஒண்டு, கூரையில ஸ்பீக்கர் கட்டி, ஒழுங்கைக்குள்ள வருது. முதல் தரம் போகேக்கை, ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள வெளிக்கிட வேணும் எண்டது. அக்கா கத்திரிக்கோலை மேசையில வச்சிட்டு மூட்டை கட்டத் தொடங்கினா. காணி உறுதி, பிள்ளையின்ர சேர்ட்டிபிக்கேட், புருசன்ர இழுப்பு மருந்து மூண்டு போத்தல்.

— ம்.

— கார் ஒழுங்கை வளையிற முடக்கில திரும்பி ரெண்டாந்தரம் வந்தது. அப்பதான் அந்த வரி. மூண்டு நாளில எல்லாரும் திரும்பி வரலாம் எண்டது. அக்கா கட்டின மூட்டையை அவிழ்த்தவ. மூண்டு நாளைக்கு உறுதி என்னத்துக்கு, வழியில துலைஞ்சிடும் எண்டு பெட்டிக்குள்ள திருப்பி வச்சா. மருந்தில ஒரு போத்தலை மட்டும் எடுத்தா. ஆட்டுக்கு வாளி நிறையத் தண்ணி வச்சிட்டு, நீ பாத்துக்கொள், வந்து சட்டையை முடிச்சுத் தாறன் எண்டு சொல்லிப்போட்டுப் போனா.

— இப்ப எங்கை அவ?

— புத்தளத்தில. ஏழு வருசமா ஓலைக் கொட்டிலில. புருசன் போய் ஒரு மாசத்துக்குள்ள மூச்சு முட்டி மௌத்தாகிட்டார். மருந்து முடிஞ்சுது, அந்தக் காட்டுக்குள்ள வாங்க வழியில்லை. உறுதி இல்லாதபடியால் வீடு தங்கட எண்டு காட்டவும் ஏலாது. எனக்குப் போடுற ஒவ்வொரு கடிதத்திலயும் ஒரே கேள்வி கேப்பா. போ எண்டதை விளங்கிக்கொள்ளுறன் எமில்டா, வரலாமெண்டு ஏன் சொன்னவங்கள் எண்டு. அதுக்காகத்தான் நானும் அந்த வரிக்கு ஓம் எண்டனான். துரத்தினது ஒரு குற்றம். பேய்க்காட்டி, ஏமாத்தித் துரத்தினது வேற குற்றம். ரெண்டும் சுவரில கிடக்கட்டும்.

— தங்கச்சி, ஸ்பீக்கரில வாசிச்ச அந்தக் கடதாசியில ஏழு வரி. நீல மை. அதில மூண்டு நாள் இல்லை.

— உங்களுக்கு எப்பிடித் தெரியும்?

— நான்தான் வாசிச்சது.

— என்ன சொல்லுறியள்?

— கோயில் பெருநாள், உதைபந்தாட்டம், எல்லாத்துக்கும் மைக் பிடிக்கிறவன் நான். அண்டைக்கு இயக்கப் பெடியள் வீட்டை வந்து காரில ஏறச் சொன்னாங்கள். கடதாசியைத் தந்து வாசி எண்டாங்கள். துவக்கு இருந்தது, ஆனால் ஒருத்தனும் என்னை நோக்கி நீட்டேல்லை. அதையும் சொல்ல வேணும். ஏலாது எண்டு சொல்லிப் பாத்திருக்கலாம். மைக்கை வாங்கினன்.

— வெளியில போங்கோ.

— போறன். வரியை எடும், போறன்.

— எந்த முகத்தோட இஞ்சை வந்து வரி திருத்துறியள்? அவங்கள் சொன்னதையெல்லாம் வாசிச்சுப்போட்டு, இப்ப அதைச் சொல்லேல்லை எண்டு சாதிச்சால் பாவம் பாதியாக் குறையுமோ? கடதாசியில கிடந்திருக்கும். நீங்கள் மறந்திட்டியள்.

— ஏழு வரியும் இப்ப சொல்லட்டோ? நித்திரையிலயும் சொல்லுவன்.

— அப்ப நான் கேட்டது என்ன? ஹாஜரா அக்கா கேட்டது என்ன? அந்தத் தெரு முழுக்கக் கேட்டது என்ன?

— நீங்கள் கேட்டது சரி. ரெண்டாந்தரம் திரும்பேக்கை, முடக்கு வீட்டு வாசலில ஒரு மனுசி பிள்ளையை மடியில வச்சுக்கொண்டு குழறி அழுதா. எனக்குப் பாக்க ஏலாமல் போச்சு. ஒருத்தரும் சொல்லித் தரேல்லை, ஆறுதலுக்கெண்டு அந்த மூண்டு நாளை நானாச் சேர்த்தனான்.